புலியாட்டத்தில் மெய்வண்ணம்

1. முன்னுரை

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூரில் அமைந்துள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 1855-ஆம் ஆண்டு சென்னை நகரில் தொடங்கப்பெற்ற விலங்குக் காட்சிச்சாலையின் வழிவந்தது. 1985-ஆம் ஆண்டில் இன்றைய இடத்தில் நிலைபெற்றது. அங்கே அகழிக்கு அப்பால் உலவும் புலியை மக்கள் திரளாகச் சென்று காண்கின்றனர். அதே தென்புறநகர்ப் பகுதியில் கோயில் விழாக்களிலும் ஊர்வலங்களிலும் வேறொரு புலியையும் காணலாம். அதற்கு அகழியும் இல்லை, வேலியும் இல்லை. பறையின் அடிக்கு ஏற்பப் பதுங்கியும் பாய்ந்தும், கூட்டத்தினிடையே புகுந்தும், குழந்தைகளை முதலில் அலறவும் பின்னர்ச் சிரிக்கவும் செய்தும் தெருவழியே வரும் அப்புலி, மஞ்சளும் கருமையும் மெய்யிற் பூசிக்கொண்ட மனிதன் ஆவான்.

முன்னதைப் புலி எனக் கொள்ளுதற்குச் சான்று வேண்டா. பின்னதை, மனிதன் என்று நன்கு அறிந்திருந்தும், காண்போர் அந்நேரத்திற்குப் புலி எனவே கொள்கின்றனர். அங்ஙனம் கொள்ளச் செய்வது யாது? ஆட்டமா, பறையா, முகமூடியா, வண்ணமா? இவை யாவும் கூடியே அப்பயனைத் தருகின்றன என்பது உண்மையே. ஆயினும் இவற்றுள் வண்ணம் ஆடலுக்குப் புறத்தே அமைந்த அணி அன்று. ஆடலின் உள்ளுறுப்பே என்பது இக்கட்டுரையின் கருத்து. அக்கருத்து ஒக்குமாயின், அவ்வண்ணம் எப்பொருளால் ஆயது, ஆடுவோன் உடலுக்கு அஃது யாது செய்கின்றது என்னும் வினாக்களும் கலையாராய்ச்சியின் பாற்பட்டனவே ஆகும். அவற்றை மருத்துவர்க்கு உரியன என்று நாம் ஒதுக்கிவிடுதல் இயலாது.

2. மூன்று சொற்கள்

இப்பொருளை ஆராயப் புகுவார்க்குத் தமிழ்ச் சொற்களே முதற்கண் வழிகாட்டுகின்றன. அவற்றுள் மூன்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது 'வரி' என்பது. கோடு, எழுத்து, இசைப்பாட்டு, கூத்து எனப் பல பொருள் குறித்து வரும் இச்சொல் புலியின் மேனிக் கோட்டையும் குறிக்கும். புலிக்குக் 'கொடுவரி' என்று ஒரு பெயர் உண்டு. வளைந்த கோடுகளை உடையது என்னும் பொருளில், உடலின் கோடே உடலுக்குப் பெயராயிற்று. உழுவை, வல்லியம் முதலிய பிற பெயர்கள் இருப்பவும், வரிகொண்டு புலியை அறியும் வழக்கு தமிழில் ஊன்றி நின்றது. பூனை, நாய், ஆடு ஆகியவற்றை நிறத்தால் அடையாளம் காண்பார் இலர். புலியையோ வரியாலேயே காண்கிறோம். விலங்கியலார் கூற்றும் இதற்கு அரண் செய்கின்றது. ஒரு புலியின் வரியமைப்புப் பிறிதொரு புலிக்கு அமைவதில்லை. காடுகளில் புலிகளை எண்ணுவோர் ஒளிப்படங்களிற் காணும் வரிகளைக் கொண்டே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிகின்றனர். மேலும், அவ்வரிகள் மயிரில் மட்டும் அமைந்தன அல்ல. மயிரை நீக்கிய தோலிலும் அவை தோன்றும்.

இரண்டாவது 'வேங்கை' என்பது. இது புலிக்கும் பெயர். மஞ்சட் பூப்பூக்கும் மலைமரம் ஒன்றற்கும் பெயர். இவ்விரண்டும் ஒரு பெயர் பெற்றமையைப் புலவர்கள் எங்ஙனம் பயன்கொண்டனர் என்பது அடுத்த பகுதியிற் கூறப்படும்.

மூன்றாவது 'அரிதாரம்' என்பது. இற்றை வழக்கில் நடிகர் முகத்திற் பூசும் எப்பூச்சினையும் அரிதாரம் என்கிறோம். 'அரிதாரம் பூசியவர்' என்றால் நடிகர் என்றே பொருள். ஆயின் அதன் முதற்பொருள் மஞ்சள் நிறக் கனிமம் ஒன்று. வடமொழியில் ஹரிதாலம் எனப்படும் அக்கனிமம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. நிறமி ஒன்றின் பெயர் ஒப்பனை முழுவதற்கும் பெயராகி, பின்னர் ஒப்பனை பூண்டார் தொழிலையே குறிக்கலாயிற்று. வண்ணமே வேடம் என்னும் உணர்வு மக்கள் மொழியிற் பதிந்து கிடந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரக் காட்சிக் காதையில், மலைவாழ்நர் சேரன் செங்குட்டுவனுக்குக் கொணர்ந்த காணிக்கைப் பொருள்கள் நிரல்பட உரைக்கப்பெறுகின்றன. அந்நிரலில் சிந்துரமும் அஞ்சனமும் அரிதாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அஃதாவது செம்மை, கருமை, மஞ்சள் என்னும் மூன்று நிறப்பொருள்களும் ஒருங்கு வருகின்றன. அதே நிரலில் வரிகளை உடைய புலிக்குட்டியும் வருகின்றது. புலியும், புலியை வரைதற்கு வேண்டும் வண்ணங்களும் ஒரே மலையின் பொருள்களாகப் பண்டு கருதப்பெற்றன என்பது நோக்கத்தக்கது.

3. இரு நிறத்தால் ஒரு புலி

கரிய பாறையொன்றின்மேல் வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. அத்தோற்றம் புலிக்குட்டி போலக் காண்கின்றது. இக்காட்சியைக் குறுந்தொகையின் 47-ஆம் பாடலில் நெடுவெண்ணிலவினார் அமைத்துள்ளார். சங்கச் செய்யுட்களில் இதனோடு ஒத்த காட்சிகள் பிறவும் உள.

இவ்வுவமையை இயற்கை வருணனை என்ற அளவில் நின்று சுவைப்பதே பெரும்பான்மை வழக்கு. ஆயின் ஓவியன் கண்கொண்டு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அப்பாறைக்குத் தலை இல்லை, வால் இல்லை, கால் இல்லை, அசைவும் இல்லை. கருமையும் மஞ்சளும் கலந்து கிடத்தல் ஒன்றே உண்டு. அவ்விரு நிறங்களின் கலப்பே காண்பான் உள்ளத்திற் புலியை எழுப்பப் போதுமானதாகின்றது. உருவம் முழுவதையும் காட்டவேண்டுவதில்லை; தக்க அடையாளம் ஒன்றைக் காட்டின் எஞ்சியதைக் காண்போன் உள்ளம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது இதனால் விளங்கும்.

புலியாட்டத்தின் வண்ணக்காரர் செய்வதும் இதுவே. அவர் மனிதனைப் புலியாக மாற்றுவதில்லை. இரண்டு கால், நிமிர்ந்த தோள், பரந்த மார்பு ஆகிய மனித உறுப்புகள் அப்படியே நிற்கின்றன. அவற்றின்மேல் மஞ்சளையும் கருவரியையும் வைக்கின்றார். பாறைமேல் வேங்கைப்பூ வீழ்ந்தாற்போல மனித மெய்மேல் வண்ணம் வீழ்கின்றது. எஞ்சியவை பறைக்கும் ஆட்டத்திற்கும் காண்போர் உள்ளத்திற்கும் விடப்படுகின்றன.

இதன்கண் ஒரு முரணும் உண்டு. காட்டில் வரி புலியை மறைப்பது. மான் முதலியவற்றின் கண் செம்மஞ்சளைப் பசுமையினின்று பிரித்தறியும் ஆற்றல் உடையது அன்று. கருவரிகளோ உடலின் விளிம்பைச் சிதைத்துப் புல்லின் நிழலோடு ஒன்றச் செய்யும். தெருவிலோ அதே வரி, ஆடுவோனை ஆயிரவர் நடுவே தனித்துக் காட்டுகின்றது. மறைதற்கென இயற்கை வகுத்த கோலம், தோன்றுதற்கென மனிதனால் எடுத்தாளப்பட்டது.

4. ஆடல் வழங்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் புலியாட்டம் பெரும்பாலும் கோயில் விழா ஊர்வலங்களோடு இயைந்தது. தப்பு அல்லது பறை இதற்குரிய தோற்கருவி. புலிவேடத்தார் வாலும் நகங்களும் பூண்டு, செவியமைந்த தலையணியோ முகமூடியோ அணிந்து, ஒருவராகவும் பலராகவும் ஆடுவர்.

இவ்வாடல் ஒரு சமயத்தார்க்கே உரியதாக இருந்ததில்லை. மொகரம் விழாவிலும் புலிவேடம் பூணும் வழக்கம் தென்னாட்டில் பரவியிருந்தது. ஜாபர் ஷரீப் என்பார் தென்னிந்திய முசுலிம்களின் வாழ்க்கை முறைகளைத் தொகுத்து எழுதிய நூல், ஹெர்க்லாட்ஸ் என்னும் மருத்துவரால் ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்று 1832-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. மொகரத்தில் பூணப்பெறும் பலவகை வேடங்களை விரிக்கும் அந்நூலில் புலிவேடமும் இடம்பெறுகின்றது. தஞ்சைப் பகுதியிலும் சென்னையிலும் இந்துக்களும் முசுலிம்களும் கலந்து நடத்திய மொகர ஊர்வலங்களில் புலிகள் ஆடின. 1860-ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தத் தொழிலாளராகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றோருடன் இவ்வழக்கமும் கடல் கடந்தது. அங்கு நிகழ்ந்த மொகர ஊர்வலங்களிலும் புலியாட்டக்காரர் ஆடினர். கோயிலையும் ஊரையும் பிரிந்து சென்றோர், கையிற் கொண்டு செல்லாமலே உடன் கொண்டு செல்லத்தக்க கலையாக இஃது இருந்தது. ஆடுவோன் மெய்யும் இரண்டு நிறமும் ஒரு பறையும் இருப்பின் புலி பிறந்துவிடும்.

அண்டை நாடுகளிலும் இதன் உடன்பிறப்புகள் உள. துளுநாட்டில் இதனைப் 'பிலி வேஷ' என்பர். தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் 'புலி' எனவும், கன்னடத்தில் 'ஹுலி' எனவும், துளுவில் 'பிலி' எனவும் வரும் சொல்லொற்றுமை அறிஞர் அறிந்ததே. மங்களூரில் நவராத்திரியிலும், உடுப்பியில் கண்ணன் பிறந்தநாள் விழாவிலும் பிலி வேடம் சிறக்கின்றது. கேரளத்துத் திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாளில் 'புலிக்களி' நிகழ்கின்றது. 1790 முதல் 1805 வரை கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான் காலத்தில் அது தொடங்கிற்று என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த புலிக்களியில் 2016-ஆம் ஆண்டில் பெண்களும் புலிவேடம் பூண்டனர்.

5. புலிக்கு மட்டும் மெய்வண்ணம் ஏன்?

தமிழ்நாட்டு விலங்கு வேட ஆடல்களை ஒப்புநோக்கின் ஒரு வேறுபாடு தெளிவாகும். பொய்க்கால் குதிரையில் குதிரையின் உருவம் மூங்கிற் கூடாகவும் துணியாகவும் ஆடுவோன் இடையைச் சூழ்ந்து நிற்கும். மயிலாட்டத்தில் அலகும் தோகையும் உடையாக அமையும். காளையாட்டத்தில் கூட்டுக்குள் மனிதர் மறைந்து நிற்பர். கரடியாட்டத்தில் மயிர்போலும் கரிய போர்வை உடலை மூடும். இவையனைத்திலும் மனித உடல் மறைக்கப்படுகின்றது. அல்லது வேறொரு வடிவத்திற்குள் ஒடுக்கப்படுகின்றது.

புலியாட்டத்தில் மட்டும் உடல் மறைக்கப்படாமல் வெளியே நிற்கின்றது. காரணம் யாதெனின், புலியிடத்து மக்கள் கண்ட சிறப்பு அதன் வடிவில் மட்டும் அடங்கியதன்று. அதன் வலிமையிலும் அடங்கியது. பதுங்கும்போது இறுகும் தசை, பாயும்போது விரியும் மார்பு, நிற்கும்போது ஏறியிறங்கும் வயிறு ஆகியவற்றைக் கூடும் துணியும் காட்டமாட்டா. மெய்மேல் இட்ட வரியோ தசையோடு அசையும். தோளை உயர்த்தின் தோள்வரி விரியும். வயிற்றை உள்ளிழுப்பின் வயிற்றுவரி சுருங்கும். ஆகவே வண்ணம் அசைவை மிகுத்துக் காட்டும் கருவியாகின்றது. சிறிய தசையசைவும் தொலைவில் நிற்பார்க்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வண்ணம் ஆடலின் உள்ளுறுப்பு என மேலே கூறியது இதனாற்றான்.

சிலப்பதிகார வேட்டுவ வரியில் வேட்டுவர் குமரியொருத்தியைக் கொற்றவையாகக் கோலம் செய்யும் பகுதியினை இதனோடு ஒப்பிடலாம். அங்கே புலியின் பல் தாலியாகவும், அதன் தோல் ஆடையாகவும், பன்றியின் கொம்பு பிறையாகவும் அவளுக்கு அணியப்பெறுகின்றன. அஃது உண்மைப் புலியின் உறுப்புகளைக் கொண்டு மானுடத்தைத் தெய்வமாக்கும் கோலம். புலியாட்டமோ புலியின் உறுப்பு ஒன்றும் இன்றியே மானுடத்தைப் புலியாக்கும் கோலம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்ப் பல்லும் நகமும் தோலும் கோலத்திற்கு எட்டாப் பொருள்களாயின. அச்சட்டத்தால் புலியாட்டம் யாதும் இழக்கவில்லை. அது முன்னரே வண்ணத்தை நம்பி நின்ற கலை.

பண்டைத் தமிழ் மகளிர் தோளிலும் மார்பிலும் எழுதப்பெற்ற தொய்யிலும் மெய்மேல் எழுதும் கலையே. எனினும் அது காதலர் இருவர்க்கிடையே அமைந்த அகக்கோலம். புலிவரி ஊரறிய எழுதும் புறக்கோலம் எனலாம்.

6. வண்ணம் தீட்டும் முறை

வேடம் அமைக்கும் முறை இடத்திற்கு இடம் சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. முதலில் உடலின் மயிர் மழிக்கப்படும். பின்னர் உடல் முழுவதும் மஞ்சள் அடிப்பூச்சாகப் பூசப்படும். அஃது உலரும் வரையில் ஆடுவோன் அமரவும் சாயவும் இயலாது. கைகளை உடலினின்று விலக்கி நின்றவாறே இருத்தல் வேண்டும். உலர்ந்த பின்னர் வெண்மையும் கருமையும் தூரிகையால் இடப்படும். திருச்சூரில் அடிப்பூச்சு உலர்வதற்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வேடம் நிறைவுற ஐந்து முதல் ஏழு மணி நேரம் செல்லும். அதன் பின்னரே ஆடல் தொடங்கும். காண்போர் ஆடலின் தொடக்கம் எனக் கருதுவது, ஆடுவோனுக்கு அந்நாளின் பிற்பாதியே ஆகும்.

வரியிடுதலில் வண்ணக்காரர்தம் அறிவு வெளிப்படும். உண்மைப் புலியின் வரிகள் முதுகினின்று இருபுறமும் கீழ்நோக்கி இறங்குவன. மனித முதுகு நிமிர்ந்து நிற்பதாகலின் அவ்வாறே படியெடுத்தல் பொருந்தாது. எனவே விலாவில் எலும்பின் போக்கிற்கு இயையவும், கையிலும் காலிலும் வளையம்போலச் சூழவும் வரிகள் திருப்பி அமைக்கப்படுகின்றன. திருச்சூர் வண்ணக்காரர் இன்னும் ஒருபடி மேற்சென்று, பெருத்த வயிற்றின்மேல் வாய்திறந்த புலிமுகம் ஒன்றையே எழுதுவர். ஆடுவோன் வயிற்றைக் குலுக்குந்தோறும் அம்முகம் உறுமுவதுபோலத் தோன்றும். பிற ஆடல்களில் இகழப்படும் தொந்தி அங்கே கலைக்குரிய நிலமாகின்றது.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டில் 1998-ஆம் ஆண்டு முதல் மெய்வண்ண ஓவியத்திற்கென உலகப் போட்டிவிழா நடைபெற்று வருகின்றது. அங்கே உடலை ஓவியத்திரையாகக் கொண்டு வியத்தகு நுண்மையோடு எழுதுகின்றனர். ஆயின் அவ்வோவியம் பெரும்பாலும் அருகில் நின்று நோக்குதற்கு உரியது. நம் நாட்டுப் புலிவரியோ வெயிலிலும் புழுதியிலும் வியர்வையிலும் பல மணி நேரம் துள்ளியாடும் உடல்மேல் நின்று, தெருக்கோடியில் உள்ளாரும் காண விளங்கவேண்டியது. அதனால் நுண்மையினும் திண்மையே இதற்கு இலக்கணமாயிற்று. அத்திண்மையை நாடியதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

7. அச்சமும் நகையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விலங்கினையும் ஒன்றாக வைத்தது. உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டினைப் பொருள், பொறியுணர்வு, உள்ளக் குறிப்பு, உடல் வேறுபாடு எனப் படிப்படியாக விளக்கினர். புலியாட்டத்தை இவ்வளவுகோலால் அளத்தல் பயனுடையது. ஈண்டுச் சுவைக்கப்படும் பொருள் உண்மைப் புலி அன்று, வண்ணம். ஆயினும் குழந்தை தாயின் பின்னே ஒளிதலும் அலறுதலும் ஆகிய உடல் வேறுபாடுகள் உண்மையாகவே நிகழ்கின்றன.

சிலவிடங்களில் ஆட்டினைக் கயிற்றிற் கட்டிவைப்பர். புலிவேடத்தார் அதனைச் சூழ்ந்து, பதுங்கி, பாய்ந்து, பல்லாற் கவ்விக் கொல்வதுபோல நடிப்பர். அந்நேரத்தில் அச்சம் உச்சத்தை எட்டும். அடுத்த நொடியில் பறை தாளம் மாறும், புலி குழந்தையை நோக்கித் தலையை ஆட்டும், அச்சம் நகையாகும். இம்மாற்றம் நிகழ்வதற்கு, காண்போன் புலியையும் மனிதனையும் ஒருசேரக் காணவேண்டும். உடல் முழுதும் கூட்டிற்குள் மறைந்திருப்பின் இஃது இயலாது. வரியின் ஊடே மனித மெய் தெரிவதனாலன்றோ அஞ்சியவர் நகைக்கின்றனர்! மெய்வண்ணத்தின் தனிச்சிறப்பு இதுவே: மறைத்தும் மறையாமலும் நிற்றல்.

8. பண்டை வண்ணமும் இற்றை வண்ணமும்

இனி, வண்ணப் பொருளை நோக்குவோம். பண்டைக் கூத்தர் பயன்கொண்ட நிறப்பொருள்கள் அரிதாரம், சாதிலிங்கம், காவி, மஞ்சள், விளக்குக்கரி, அரிசிமாவு முதலியன. அரிதாரத்தையும் சாதிலிங்கத்தையும் கல்லில் அரைத்துத் தேங்காயெண்ணெயிற் குழைத்துப் பூசுவர். பின்னாளில் எனாமல் பூச்சு எளிதிற் கிடைக்கலாயிற்று. அது பளபளப்பு உடையது, வியர்வையில் கரையாதது, தூரிகைக்கு இணங்குவது, கடைதோறும் கிடைப்பது. திண்மையை நாடிய கலைக்கு இது பெரும்பேறாகத் தோன்றியதில் வியப்பில்லை. கதவுக்கும் சன்னலுக்கும் உரிய பூச்சு, புலிவேடத்தார் மெய்மேல் ஏறிற்று.

இவ்விடத்து இரண்டு தவறான கருத்துகளைக் களைதல் வேண்டும்.

ஒன்று: பண்டைய வண்ணங்கள் இயற்கையானவை, ஆதலின் தீங்கற்றவை என்பது. காவி, மஞ்சள், கரி, மாவு என்பவற்றைப் பற்றி அவ்வாறு கூறுதல் பெரும்பாலும் பொருந்தும். அரிதாரமோ ஆர்சனிக் சேர்ந்த கனிமம்; சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்தது. இவை நீரிற் கரையா இயல்பினவாதலின் உடனே நஞ்சாவதில்லை எனினும், நாள்தோறும் அரைத்தும் பூசியும் வருவார்க்குத் தீங்கற்றவை என்று கூற இயலாது. இந்திய ஒப்பனைப் பொருட் சட்டவிதிகள், ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொருள்களை நிறமியாகச் சேர்த்தலை விலக்குகின்றன. ஒப்பனைத் தொழிலுக்கே பெயர் தந்த அரிதாரம், இன்றைய சட்டத்தின்படி ஒப்பனைப் பொருளாக விற்கத் தகாதது. ஆகவே 'பழமைக்குத் திரும்புக' என்று பொதுப்படக் கூறுதல் போதாது. எப்பழமைக்கு என்று பிரித்துக் கூறல் வேண்டும்.

மற்றொன்று: உடல் முழுவதும் வண்ணம் பூசினால் தோல் மூச்சுவிட இயலாது மனிதன் இறப்பான் என்பது. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இக்கருத்தினை உலகெங்கும் பரப்பிற்று. மனிதன் மூச்சுவிடுவது நுரையீரலால், தோலால் அன்று. உண்மைத் தீங்கு வேறு. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலினின்று கொண்டு செல்கின்றது. எனாமல் படலம் தோலை மூடுமிடத்து அவ்வழி தடைப்படும். கடற்காற்றின் ஈரம் மிக்க சென்னைப் பகுதியில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வெயிலில் துள்ளியாடும் உடலிலோ வெப்பம் மிகுதியாகப் பிறக்கின்றது. மூன்றும் கூடின் மயக்கமும் வெப்பநோயும் நேர்தல் இயல்பு.

எனாமலின் தீங்கு அவ்வளவில் அமைவதில்லை. அதனை இளக்கச் சேர்க்கும் டர்பன்டைன் முதலிய கரைப்பான்கள் தோலின் எண்ணெய்ப்பசையை அகற்றி எரிச்சலும் வெடிப்பும் உண்டாக்கும். அவற்றின் ஆவி தலைநோவு தரும். ஆடல் முடிந்தபின் பூச்சை அகற்ற மண்ணெண்ணெய் தேய்ப்பதும் வழக்கமாயிற்று. மழித்த தோலின் சிறு கீறல்கள் வழியே இவை உட்புகும். பழைய மஞ்சள் எனாமலில் ஈயக் குரோமேட்டு நிறமியாகச் சேர்ந்திருந்தது; புலியின் நிறமே நச்சின் நிறமாய் இருந்தது. வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்கின் மேற்படலாகாது என்னும் விதி 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. இது நன்றே. ஆயினும் அவ்விதி சுவருக்கும் கதவுக்கும் வகுத்தது. ஒப்பனைப் பொருள்களிற் சேரும் நிறமிகளுக்கோ ஈயம் 20 பங்கு, ஆர்சனிக் 2 பங்கு என எல்லை வேறாகும். சுவருக்குப் பொருந்துவது தோலுக்குப் பொருந்தும் எனக் கொள்ளுதல் கூடாது என்பதனை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

9. துணிப்புலி

இத்தீங்கினின்று தப்புதற்கு எளிய வழியொன்று இற்றை நாளில் பெருகி வருகின்றது. புலிவரி அச்சிட்ட இறுகிய துணியுடையை அணிந்து ஆடுதலே அது. பள்ளி விழாக்களிலும் மண்டப நிகழ்ச்சிகளிலும் அதனைக் காணலாம். ஐந்து மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடிகின்றது. சிறுவர்க்கு அது தக்கதே. அவர்தம் மென்தோலில் எனாமல் பூசுதல் ஒருபோதும் தகாது.

ஆயின் அதனையே பொதுவிதியாகக் கொள்வோமாயின் இழப்பது யாது என்பதையும் எண்ணல் வேண்டும். அச்சுத்துணியின் வரி எவ்வுடலுக்கும் ஒரே வரி. தசையோடு அது விரிவதில்லை, தையலோடு மடிகின்றது. மறைத்தும் மறையாமலும் நிற்கும் மெய்வண்ணத்தின் இயல்பு அதனிடத்து இல்லை. மேலும், ஒவ்வோர் உடலையும் தனித்தனியே நோக்கி அதற்கேற்ப வரியைத் திருப்பும் வண்ணக்காரர்தம் அறிவு வேண்டாததாகிவிடும். அவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று, கைவழியே வருவது. ஒரு தலைமுறை கைவிடின் அடுத்த தலைமுறை அதனைப் பெறுமாறு இல்லை.

எனவே எனாமலா, துணியா என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்தல் நம்மேல் விழுந்த கட்டாயம் அன்று. தோலுக்கெனவே ஆக்கப்பெற்ற நீர்க்கலவை வண்ணங்களும் ஒப்பனைக் களிம்புகளும் உள. நாடக மேடையிலும் திரைத்துறையிலும் அவை வழங்குகின்றன. அவற்றின் குறை இரண்டு: விலை மிகுதி, வியர்வையிற் கரையும் இயல்பு. முன்னதனை விழா நடத்துவோர் ஆடுவோர்க்குரிய ஊதியத்தினின்று வேறாக ஏற்றுக்கொள்ளுதல் முறை. வண்ணம் ஆடலின் உறுப்பாயின் அதன் செலவும் ஆடலின் செலவே. அதனை ஆடுவோன் தோலின்மேல் ஏற்றுதல் அறமன்று. பின்னதற்கு, ஆடலை மாலைப்பொழுதில் வைத்தல், இடையிடையே நிழலும் நீரும் தருதல், வண்ணக்காரரை உடன்வரச் செய்து கலைந்தவிடத்து மீண்டும் எழுதுவித்தல் ஆகியன தீர்வாகும். புதிய வண்ணத்தை முதல்நாள் முன்கையிற் சிறிது தடவிப் பார்த்துப் பின்னர்ப் பூசுதலும் வேண்டும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புலியாட்டத்தில் வண்ணம் புறவணி அன்று. காண்போர் உள்ளத்திற் புலியை எழுப்பும் முதற்கருவி என்பதும், கரும்பாறைமேல் மஞ்சட் பூவைக் கண்டு புலியென்ற புலவன் காட்சியும் மெய்மேல் வரியெழுதும் வண்ணக்காரர் காட்சியும் ஒரே நெறியின்பாற் பட்டன என்பதும், அசையும் தசைமேல் அமைதலாலேயே அவ்வரி அச்சமும் நகையும் ஒருங்கு பயக்கின்றது என்பதும் பெறப்பட்டன.

சென்னையின் தென்புறநகர் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலமாகும். வண்டலூரில் உண்மைப் புலியின் வரியைக் காணலாம். முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா, தென்னாட்டு மாநிலங்களின் இல்லங்களையும் கைவினைகளையும் ஆடல்களையும் ஒரே வளாகத்திற் காட்டுகின்றது. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் விழாத் தெருக்களில் வேடப்புலியைக் காணலாம். மாணவர் தூரிகையும் குறிப்பேடும் கொண்டு, எவ்வுறுப்பில் எவ்வரி, எக்காரணத்தால் அமைகின்றது என்று வண்ணக்காரரை வினவி எழுதிவைப்பாராயின் அது சிறந்த தமிழ்த்தொண்டாகும். இதுவரை நாட்டுப்புற ஆடல் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆடுவோரையும் பறையையும் குறித்தனர்; தூரிகை பிடித்த கையினைக் குறித்தோர் சிலரே.

ஆடல் முடிந்து ஊர் உறங்கிய பின்னர், ஆடியவன் தன் மெய்யினின்று புலியைத் தேய்த்து அகற்றிக் கொண்டிருப்பான். அகற்றும் பொருள் மண்ணெண்ணெயாக இல்லாமல் நீராக இருத்தல் வேண்டும். அந்நிலை எய்தும் நாளிலேயே இக்கலையை நாம் போற்றினோம் என்று கூறுதல் பொருந்தும்.